யோசனைக் கடை ஆறுச்சாமி

கோபாலபுரத்துக்கு மேற்கே இரண்டு மைல் தள்ளி, கரிசல் காட்டில் ஒன்பது ஏக்கர் நிலத்தையும் ஒரே ஒரு கிணற்றையும் வைத்துவிட்டு ஆறுச்சாமியின் தகப்பனார் காலமானார். பிள்ளைகள் மூன்று பேர். ஆளுக்கு மூன்று ஏக்கர் என்று அளந்தபோது நிலம் ஒழுங்காகப் பிரிந்தது. கிணறு மட்டும் பிரியாமல் மூத்தவர் பங்கில் போய் உட்கார்ந்துகொண்டது. கடைக்குட்டியான ஆறுச்சாமிக்கு வந்த மூன்று ஏக்கரில் மழை பெய்தால் கடலைக்காய் விளையும். பெய்யாவிட்டால் வெயில் விளையும். அவர் அதை அண்ணனுக்கே குத்தகைக்கு விட்டுவிட்டு, பொள்ளாச்சியில் ஐந்தாம் பாரம் வரை படித்த படிப்பை நம்பிப் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினார். அது 1921ஆம் வருஷம். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. வீட்டில் மனைவி மருதாத்தாள், இரண்டு பெண் குழந்தைகள், ஒரு எருமை.

பாலக்காட்டுப் பெரிய கடைவீதியில், ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே உள்ள மாடி அறையில் கல்பாத்தி அனந்தநாராயண ஐயர் புதிதாக ஒரு ஆபீஸ் திறந்திருந்தார். ஐயர் பன்னிரண்டு வருஷம் பம்பாயில் ஒரு பங்குத் தரகரிடம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, ஒரு கறுப்புக் கோட்டும், பணத்தைப் பற்றி ஏராளமான கருத்துகளும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவர். வாசலில் தொங்கிய பலகையில் ‘அனந்தநாராயணா அண்டு கோ, தனவிருத்தி ஆலோசகர்கள், கட்டணம் நாலணா’ என்று எழுதியிருந்தது. அண்டு கோ என்று சொல்ல அப்போது அங்கே யாரும் இல்லை. ஊரார் அந்தப் பலகையைப் படித்து முடிக்கப் பொறுமையில்லாமல், ‘யோசனைக் கடை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கிழக்கேயிருந்து கடலைக்காயும் பருத்தியும் விற்க வரும் விவசாயிகளோடு பேச ஐயருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. வேலைக்கு வந்த எல்லாரிடமும் அவர் ஒரே கேள்வியைக் கேட்டார்.

“ஒருத்தர் கையில ஐந்நூறு ரூபாய் இருக்கு. எங்கே போடச் சொல்லுவீர்?”

ஒருவர் பாங்கி என்றார். ஒருவர் தங்கம் என்றார். ஒருவர் தன்னிடம் கொடுத்தால் மாதம் ஒன்றரை வட்டி தருவதாகச் சொன்னார். ஆறுச்சாமியின் முறை வந்தது. ஐயர் மூக்குப்பொடி போட்டு முடித்து, கையைத் துடைத்து, டப்பியையும் மூடிவிட்டார். அதற்குப் பிறகுதான் ஆறுச்சாமி வாயைத் திறந்தார்.

“யாரு கையிலீங் சாமி?”

“யார் கையிலயா இருந்தா என்ன?”

“கலியாணத்துக்குப் பொண்ணு வெச்சிருக்கறவன் கையிலன்னா ஒரு மாதிரிங்க. பணத்தக் கொட்டி வெச்சிருக்கறவன் கையிலன்னா வேற மாதிரிங்க.”

ஐயர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஆணியில் தொங்கிய இன்னொரு கறுப்புக் கோட்டை எடுத்து நீட்டினார். மாதம் பதினெட்டு ரூபாய் சம்பளம். கோட்டு ஆபீஸ் செலவு. வெளுக்கிற செலவு ஆறுச்சாமியுடையது.

அந்தக் கோட்டுதான் வேலையில் மிகவும் கஷ்டமான பகுதி. பங்குனி மாதத்தில் வேட்டிக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், வருகிறவர்கள் தங்கள் கவலையை மறந்து இவருக்காகக் கவலைப்படுவார்கள். மற்றபடி வேலை அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஐயர் ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு விசாரணைப் புத்தகம் அச்சடித்து வைத்திருந்தார். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கடன் எவ்வளவு, உங்களை நம்பி எத்தனை பேர், போடுகிற பணம் திரும்பி வராவிட்டால் என்ன செய்வீர்கள். இந்த ஐந்துக்கும் பதில் எழுதாமல் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. வந்தவர் சொல்வதை மறுத்துப் பேசக் கூடாது. கண்ணால் பார்க்காத சரக்கைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது. இவை கடையின் சட்டங்கள்.

பணத்தைப் பற்றி மட்டும்தான் யோசனை என்பது ஜனங்களுக்குப் புரியவே இல்லை. நாலணா கொடுத்தால் எதையும் கேட்கலாம் என்றுதான் எண்ணினார்கள். வேலந்தாவளத்துக் காளிச்சாமி என்று ஒருவர் வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ரண்டாவது கலியாணம் பண்ணிக்கலாமுங்களா?” என்று கேட்டார்.

“அதெல்லாம் இங்க சொல்றதில்லீங்க. இது பணத்துக்குண்டான கடைங்க.”

“நாலணா குடுத்துட்டனுங்களே.”

வேறு வழியில்லாமல் ஆறுச்சாமி புத்தகத்தைத் திறந்தார். வரவைச் சொல்லும்போது காளிச்சாமி உற்சாகமாக இருந்தார். செலவைச் சொல்லும்போது குரல் இறங்கிற்று. கடனைக் கூட்டி முடித்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“போதுமுங்க. புரிஞ்சு போச்சு. மூணு கேள்விதான் கேட்டிருக்கீங்க. மிச்சம் ரண்டுக்கு ஒன்றரை அணா திருப்பிக் குடுத்துருங்க.”

ஆறுச்சாமி கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் காளிச்சாமியின் மனைவி ஒரு கூடை அவரைக்காய் கொடுத்தனுப்பினாள். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஐயர் பாதி அவரைக்காயை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

பூவாத்தாள் என்ற கைம்பெண் இருநூறு ரூபாயைப் பானையில் போட்டுப் புதைத்து வைத்திருந்தாள். பாங்கி நம்பத் தகுந்ததா என்று கேட்டாள். ஆறுச்சாமி அவளை அழைத்துக்கொண்டு போய்ப் பாங்கியைக் காட்டினார். அவள் எதிரேயிருந்த புளியமரத்தடியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து, பணம் கட்ட எத்தனை பேர் போகிறார்கள், எடுக்க எத்தனை பேர் போகிறார்கள் என்று கூழாங்கல் வைத்து எண்ணினாள். கட்டப் போகிறவர்களின் முகம் தெளிவாக இல்லை என்று சொல்லி, அன்றைக்கு இருபது ரூபாய் மட்டும் போட்டுவிட்டுப் போனாள். இப்படியே பத்து புதன்கிழமை வந்து பானையைக் காலி செய்தாள். ஐயருக்கு இதில் கமிஷன் ஒரு தம்பிடி கிடையாது. ஆனால் பூவாத்தாளுக்குப் பின்னால் அவள் ஊரே வந்தது.

நாலு வருஷத்தில் ஆறுச்சாமியின் சம்பளம் முப்பது ரூபாய் ஆயிற்று. வாரம் முழுக்கப் பாலக்காட்டில் ஒரு வாடகை அறையில் இருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்குப் போவார். திங்கட்கிழமை விடியற்காலை திரும்புவார். ஊரில் அவருக்கு இப்போது தனி மரியாதை. அவர் பேசாமல் இருந்தால் யோசிக்கிறார் என்று எதிரே இருப்பவரும் பேசாமல் இருப்பார். வீட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். மருதாத்தாளுக்கு மாடு கன்றுகளைப் பார்க்கவே நேரம் போதாததால், அவர் யோசிப்பதை அவள் சரியாகக் கவனிக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ரப்பர் வந்தது.

1925இல் ரப்பர் விலை ஏறிய ஏற்றத்தைப் பற்றிப் பாலக்காட்டுக் காப்பிக் கிளப்புகளில் பேசாத ஆள் இல்லை. கொல்லங்கோட்டுக்குத் தெற்கே மலையடிவாரத்தில் தோட்டம் போட்டிருந்த ‘தென்சாரல் ரப்பர் கம்பெனி’ பத்து ரூபாய்ப் பங்குகளை விற்க ஐயரை ஏஜென்டாக நியமித்தது. பங்குக்கு அரை ரூபாய் கமிஷன். ஐயர் ஏமாற்றுக்காரர் அல்ல. தான் நம்பாததை விற்கத் தெரியாதவர். அதனால் முதலில் தானே அறுநூறு பங்கு வாங்கினார். அந்தத் தீபாவளிக்கு ஆறுச்சாமிக்குப் பத்துப் பங்குகளைப் போனசாகக் கொடுத்தார்.

பங்குப் பத்திரம் பார்க்க லட்சணமாக இருந்தது. நாலு ஓரமும் பச்சைக் கொடி, நடுவில் ஒரு மரம், மரத்தடியில் ஒரு யானை. ஆறுச்சாமி அதைப் பலதடவை எடுத்துப் பார்த்தார். பிறகு, அண்ணன் கொடுத்த நாலு வருஷக் குத்தகைப் பணம் முந்நூறு ரூபாயை எடுத்து இன்னும் முப்பது பங்கு வாங்கிவிட்டார். அந்த முந்நூறு ரூபாய், தங்கள் மூன்று ஏக்கரில் கிணறு வெட்டுவதற்காக மருதாத்தாள் கணக்குச் சொல்லி ஒதுக்கி வைக்கச் சொன்ன பணம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பால் கறந்துகொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொன்னார்.

மருதாத்தாள் கறப்பதை நிறுத்தவில்லை.

“கெணறு என்னாச்சுங்க?”

“பங்கு ஏறுச்சுன்னா ஒண்ணுக்கு ரண்டு கெணறு வெட்டலாம் புள்ள.”

“தண்ணி ஒண்ணுல வந்தாப் போதுங்க. அந்த ரப்பர் மரத்த நீங்க பாத்திருக்கீங்களா?”

“உனக்கென்ன தெரியும். பம்பாயில எல்லாம் யாரும் மரத்தப் பாக்கறதில்ல.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் கேட்டாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்டாள். மூன்று தடவையும் ‘உனக்கென்ன தெரியும்’ என்ற பதில்தான் கிடைத்தது. நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்கவில்லை. ஆறுச்சாமி அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் புதன்கிழமை ஐயர் ஒலவக்கோட்டுக்குப் போயிருந்தார். பெஞ்சில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். ஐந்தாவது ஆளுக்கு யோசனைச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறுச்சாமி தலையைத் தூக்காமலே, “அடுத்த ஆள் வாங்க” என்றார். எதிரே வந்து உட்கார்ந்தது மருதாத்தாள். கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மேஜை மேல் ஒரு நாலணாக் காசை வைத்து, அது உருண்டுவிடாமல் விரலால் அழுத்தினாள்.

ஆறுச்சாமிக்குக் கோட்டுக்குள்ளே வேர்த்துக் கொட்டியது. பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போ என்று சொல்ல முடியாது. காசு கொடுத்த ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதும் கடையின் சட்டம். பெண் பிள்ளைகள் வந்தால் எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே கூப்பிட்டார். கல்யாணமான பதினொரு வருஷத்தில் முதன்முறையாக அவர் வாயிலிருந்து அவளுக்கு ஒரு ‘ங்க’ கிடைத்தது.

“சொல்லுங்கம்மிணி. பேரு?”

“மருதாத்தாளுங்க. கோபாலபுரம் பக்கம்.”

“ஊட்டுக்காரர் பேரு?”

“அதச் சொல்லக் கூடாதுங்களே.”

அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, வரவு எவ்வளவு என்று கேட்டார்.

“எம்பட ஊட்டுக்காரரு மாசம் பதினெட்டு ரூவா குடுப்பாருங்க. அவருக்குச் சம்பளம் முப்பது. வாடகை மூணு, சாப்பாடு ஆறு. மிச்சம் மூணு ரூவாய்க்கு டவுன்ல என்னதான் பண்றாருன்னு நானுங் கேக்கலீங்க.”

பேனாவில் மை தீர்ந்துபோனது போல ஆறுச்சாமி அதை இரண்டு தடவை உதறினார்.

“அப்பறம் எருமைப் பாலு மாசம் ஏழு ரூவாய்ங்க.”

“நாலுதானுங்களே…” என்று ஆரம்பித்தவர், வந்தவர் சொல்வதை மறுக்கக் கூடாது என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

“ரண்டு எருமை கறக்குதுங்க. ஒண்ணு எங்கண்ணன் ஊட்டுல கட்டியிருக்குது. அவுங்க எருமைன்னு எல்லாரும் நெனச்சுட்டிருக்காங்க. எம்பட எருமைதானுங்க.”

‘எருமை, இரண்டு’ என்று எழுதினார். செலவு சொன்னாள்; அதில் ஓட்டை எதுவும் இல்லை. கடன் இல்லை என்றாள். வேலந்தாவளத்தில் ஒரு குறிச்சீட்டுக்கு மாதம் இரண்டு ரூபாய் கட்டி வருவதாகவும், இன்னும் சீட்டு எடுக்கவில்லை என்றும் சொன்னாள். அந்தக் குறியைப் பற்றியும் அவர் இப்போதுதான் கேள்விப்பட்டார்.

“உங்கள நம்பி எத்தன பேருங்க?”

“ரண்டு புள்ளைங்க, ரண்டு எருமை, ஒரு ஊட்டுக்காரரு.”

“ஊட்டுக்காரருதான் சம்பாதிக்கறாருங்களே. அவர எப்படி இதுல…”

“எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டார். பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் பக்கத்து ஆளிடம், “இந்தம்மா ஊட்டுக்காரன் செரியான மடையனாட்டத் தெரியுது” என்றார். மற்றவர் தலையாட்டினார். ஆறுச்சாமி தலையைக் குனிந்தபடி ஐந்தாவது கேள்விக்கு வந்தார். அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்பதை அப்போதுதான் அவள் வாயால் சொன்னாள். கிணற்றுக்கு வைத்திருந்த முந்நூறு ரூபாய் ரப்பரில் போய்விட்டது. அது இருக்கலாமா, எடுத்துவிடலாமா?

“அந்தப் பணம் திரும்பி வரலீன்னா என்ன பண்ணுவீங்கம்மிணி?”

மருதாத்தாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“எருமை செத்துப்போச்சுன்னா ஒரு வாரம் அழுதுட்டுக் குறியெடுத்து வேறொண்ணு வாங்குவனுங்க. இந்தக் கடுதாசி செத்துப்போச்சுன்னா, செத்துப்போச்சுன்னு எனக்கு யாரும் வந்து சொல்லக்கூட மாட்டாங்க. நான் எங்க போயி அழுவறதுங்க?”

ஆறுச்சாமி அதை ஒரு சொல் விடாமல் எழுதினார். எழுதி முடித்து, தணிந்த குரலில், “இதையெல்லாம் ஊட்லயே கேட்டிருக்கலாமுல்லங்க” என்றார்.

“மூணு ஞாயித்துக்கெழம கேட்டனுங்க. அங்க இருக்கறவரு காது குடுக்கறதில்ல. இங்க இருக்கறவரு பொறுமையாக் கேப்பாருன்னு ஊரே சொல்லுது. நாலணா போனாப் போகுதுன்னு பஸ் ஏறிட்டேன்.”

அவர் சீட்டை எடுத்தார். ‘வைத்துக்கொள்ளலாம்’ என்று எழுதக் கை வரவில்லை. ‘விற்கவும்’ என்று எழுதவும் வரவில்லை. கண்ணால் பார்க்காத சரக்கைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது. ரப்பர் தோட்டத்தை அவரும் பார்த்ததில்லை, ஐயரும் பார்த்ததில்லை. எழுபது எண்பது பேருக்கு அந்தப் பங்கை விற்றாகிவிட்டது. கடையின் சட்டத்தைக் கடையே மீறியிருப்பது, மனைவிக்கு எதிரே பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு உறைத்தது.

“அடுத்த புதன்கெழம வாங்க. பாத்துட்டு வந்து சொல்றோமுங்க.”

“அதுக்கு மறுபடியும் நாலணாங்களா?”

“இல்லீங்க. இதுலயே சேந்தது.”

அவள் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது, மிட்டாய்க் கடையில் குழந்தைகளுக்கு அல்வா வாங்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஆறுச்சாமி வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டுக் கொல்லங்கோட்டுக்கு வண்டி பிடித்தார். அங்கிருந்து மலையடிவாரம் வரை நடை. போகிற வழியில் அட்டை இரண்டு காலிலும் ஏறியது. கோட்டைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார். தோட்டம் இருக்கத்தான் இருந்தது. பத்திரத்தில் போட்டபடியே ஏக்கர் கணக்காக, வரிசை வரிசையாக. பத்திரத்தில் இருந்த மரம் மட்டும் இல்லை. அங்கே நின்ற மரங்களில் பெரும்பாலானவை அவருடைய தோள் உயரத்துக்குச் சற்று மேலே இருந்தன.

நாற்றுப் பண்ணையில் பெண்களை வேலை வாங்கிக்கொண்டிருந்த செபமாலையம்மாள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலைக்கு வந்தவள். கோட்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்த ஆளைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“என்ன ஐயா, ஆரப் பாக்க வந்திய?”

“ரப்பர் பாலு எடுக்கறதப் பாக்கலாம்னு வந்தனுங்க.”

“இதுகள்ட்டயா? இதுகளே பால் குடிக்கிற பிள்ளைக. நட்டு ரெண்டு வருசந்தான் ஆவுது. பால் எடுக்க இன்னும் அஞ்சு வருசம் போவணும். அதுவும் ஆனை விட்டு வச்சாத்தான்.”

“யானை வருமுங்களா?”

“போன மாசம் வந்து கெழக்க ஒரு வரிசையப் பிடுங்கிப் போட்டுட்டுப் போச்சு. திங்கக்கூட இல்ல. சும்மா பிடுங்கி வச்சிட்டுப் போயிட்டு.”

பத்திரத்தில் இருந்த யானைக்கு அர்த்தம் ஆறுச்சாமிக்கு இப்போது விளங்கிற்று. செபமாலையம்மாள் கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, ஒரு வரிசைக்கு எத்தனை கன்று, எத்தனை வரிசை, எத்தனை பட்டுப்போயிற்று என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். தோட்டம் நல்ல தோட்டம். மண் நல்ல மண். பொய் என்று சொல்ல எதுவும் இல்லை. ஐந்து வருஷம் பொறுக்க முடிந்தவனுக்கு அது நல்ல சொத்து. அடுத்த ஆடியில் விதைக்கடலை வாங்கப் பணம் வேண்டியவனுக்கு அது ஒரு படம்.

சனிக்கிழமை காலை இதையே அறிக்கையாக எழுதி ஐயர் மேஜையில் வைத்தார். ஐயர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உமக்கு வயத்துவலின்னாக்கும் நான் நினைச்சேன்.”

“வலி இருந்துச்சுங் சாமி. அங்க போனதும் செரியாப் போச்சு.”

“ஓய், நாம விக்கற சரக்கு புளிக்கறதுன்னு நம்ம கையாலயே எழுதி வைக்கறதா? பம்பாயில சொன்னாச் சிரிப்பா.”

“புளிக்கறதுன்னு எழுதலீங்க. இன்னும் காய்க்கலீன்னுதான் எழுதியிருக்கறேன்.”

ஐயர் அறிக்கையை மடித்து வைத்தார். விசாரணைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போய், ரப்பர் வாங்கியவர்கள் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். புதன்கிழமைப் பக்கத்தில் அவர் கை நின்றது. ஐந்தாவது கேள்வியின் பதிலை ஒருமுறை மனதுக்குள்ளும் ஒருமுறை வாய்விட்டும் படித்தார்.

“யாராக்கும் இந்த மருதாத்தாள்?”

“கோபாலபுரம் பக்கமுங்க.”

“இவ்வளவு வருஷத்துல இந்தக் கேள்விக்கு ஒழுங்கா ஒருத்தரும் பதில் சொன்னதில்லை. ‘பகவான் பாத்துப்பார்’னு சொல்லிட்டுப் போயிடறா. புருஷன் யாரு? பேர் எழுதலையே?”

“சொல்ல மாட்டேன்னுட்டாங்க.”

திங்கட்கிழமை ஐயர் ஒரு தீர்மானத்தோடு வந்தார். பங்கு வாங்கிய எண்பத்திரண்டு பேருக்கும் கடிதம் எழுதச் சொன்னார். ஐந்து வருஷம் காத்திருக்க முடியாதவர்கள், விலை இப்போது பதினாலு ரூபாய் இருக்கும்போதே விற்றுவிடலாம். விற்கக் கடை உதவும். அதற்குக் கட்டணம் இல்லை. கம்பெனிக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டு ஏஜென்சியைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஐயர் இரண்டு நாள் மூக்குப்பொடி அதிகமாகப் போட்டார். மருதாத்தாள் புதன்கிழமை சொன்னபடி வந்து, ‘முப்பதை விற்கவும், இனாமாக வந்த பத்தை வைத்துக்கொள்ளலாம்’ என்று எழுதிய சீட்டை வாங்கிப் போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இந்த விஷயத்தைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. சாப்பாட்டில் மட்டும் ஒரு கரண்டி நெய் கூட இருந்தது.

முப்பது பங்குக்கு நானூற்றிருபது ரூபாய் வந்தது. கிணறு நாற்பத்தெட்டு அடியில் தண்ணீர் கண்டது.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஐயர் ஒரு வாடகைக் காரில் கோபாலபுரத்துக்கு வந்து இறங்கினார். பெண்களிடமும் ஆயுள் இன்ஷூரன்ஸ் பற்றிப் பேச ஒரு பெண் ஏஜென்ட் வைக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு திட்டம்; ஐந்தாவது கேள்விக்கு அப்படிப் பதில் சொன்னவளே அதற்குச் சரியான ஆள் என்று எண்ணினார். ஊர்ப் பொதுத் திண்ணையான சவுக்கையில் விசாரித்து, வரப்பு மேல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மருதாத்தாள் வீட்டைத் தேடி வந்தார். வாசலில் ஒரு ஆள் கோவணத்தோடு நின்று எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். கிட்டே போனதும் ஐயர் நின்றுவிட்டார்.

“ஓய் ஆறுச்சாமி, நீர் இங்கே என்ன பண்றீர்?”

ஆறுச்சாமி தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“எருமைக்குத் தண்ணி காட்டறனுங் சாமி.”

“யார் எருமை?”

“புஸ்தகத்துல எழுதியிருக்குதுங்களே. ரண்டுல இது மொதலாவதுங்க.”

ஐயர் எருமையைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். உள்ளேயிருந்து வெளியே வந்த மருதாத்தாளைப் பார்த்தார். பிறகு அருகில் கிடந்த உரலின் மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஐயர் இப்படிச் சிரித்து ஆறுச்சாமி பார்த்ததே இல்லை. பயந்துபோய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

மருதாத்தாள் ஏஜென்ட் வேலை பற்றி நிதானமாகக் கேட்டுக்கொண்டாள்.

“நான் சொல்லி ஒருத்தி பணத்தக் கட்டி, அது வீணாப் போச்சுன்னா அவ ஆரத் திட்டுவாளுங்க?”

“கம்பெனியைத் திட்டுவா.”

“கம்பெனி எங்க இருக்குதுங்க?”

“மெட்ராஸ்ல.”

“அப்பறம் என்னையத்தானுங்க திட்டுவா. கமிசன் எனக்கு வேண்டாமுங்க. வாரத்துல ஒருநாள் வந்து பொம்பளைங்க சொல்றதக் கேட்டு எழுதித் தர்றேன். பஸ் சார்ஜும் ஒரு ரூவாயுங் குடுங்க. எழுதறது எழுத்துத் தெரிஞ்ச ஆளுங்க, கேக்கறது நான்.”

எழுத்துத் தெரிந்த ஆள் ஆறுச்சாமிதான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அப்படித்தான் செவ்வாய்க்கிழமை தோறும் யோசனைக் கடையில் பெண்கள் கூட்டம் ஜவுளிக் கடைப் படி வரைக்கும் வந்து நின்றது. ஜவுளிக் கடைக்காரருக்கு அதில் நல்ல லாபம்.

ரப்பர் விலை 1930க்குப் பிறகு படுத்துவிட்டது. கடலைக்காயும் பருத்தியும் கூடவே படுத்தன. ஆறுச்சாமியின் இனாம் பத்தைத் தவிர, பங்குகளை வைத்துக்கொண்டவர் ஐயர் ஒருவர்தான். எல்லாருக்கும் எழுதிய கடிதத்தைத் தனக்கு ஒரு பிரதி போட்டுக்கொள்ள மறந்துவிட்டதாக அவரே சொல்லிக்கொள்வார். ஊரில் போட்டு வைக்கப் பணம் உள்ளவர்கள் குறைந்துபோனார்கள். கடன்காரனிடம் எப்படித் தவணை கேட்பது, நகையில் எதை முதலில் விற்பது, பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்று அறிய வருகிறவர்கள் அதிகமானார்கள். அந்த வருஷங்களில்தான் ஆறுச்சாமி மிகவும் நன்றாக வேலை செய்தார் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். பல வீடுகளில் அடுப்பு அணையாமல் இருந்ததற்கு அவர் எழுதிக் கொடுத்த சீட்டும் ஒரு காரணம்.

1936இல் ஐயர் பம்பாயில் உள்ள மகனிடம் போய்விட்டார். போகும்போது கடையை ஆறுச்சாமியிடமே ஒப்படைத்தார். ஆறுச்சாமி அதைக் கொழிஞ்சாம்பாறைக்கு மாற்றிக்கொண்டு வந்தார். ஊருக்குப் பக்கம் என்பதால் சொந்தக்காரர்கள் இலவச யோசனைக்கு வந்து மொய்த்தார்கள். மாமன், மச்சான், ஒன்றுவிட்ட பங்காளி என்று எவரிடமும் காசு கேட்க அவருக்கு வாய் வராது. அதனால் வாசல் மேஜையில் மருதாத்தாள் உட்கார்ந்துகொண்டாள். அவளைத் தாண்டி உள்ளே வருவதற்குச் சொந்தக்காரர்கள் நாலணா தேவலை என்று முடிவு செய்தார்கள்.

காசு இல்லாதவர்கள் தானியம் கொண்டுவந்தார்கள், தேங்காய் கொண்டுவந்தார்கள். ஒரு சந்தை நாளன்று ஒருவர் கால் கட்டிய கோழியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார். இந்தக் கோழி கட்டணமா அல்லது இதைப் பற்றித்தான் யோசனை கேட்க வந்திருக்கிறாரா என்று மருதாத்தாள் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அது விசாரணைப் புத்தகத்தின் மேல் ஒரு முட்டை இட்டது. உள்ளேயிருந்த ஆறுச்சாமி அடுத்த ஆளை வரச் சொல்லிக் கூப்பிட்டார்.